அம்மா முகர்ந்த கை

தொண்ணூறுகளின் கடைசியில் மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் ஆலையில், வேலை செய்தேன். அரைத்த கொழுந்து பதமாகப் புளித்துவிட்டதா என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்.

தங்கச்சியையும் அங்கே சேர்த்துவிட்டேன். முதல் வாரமே கொழுந்தை அளவுக்கு மீறிப் புளிக்க விட்டுவிட்டாள்.

"தின்னுத் தின்னு ஒடம்பு பெருத்து மூக்கும் அடைச்சிருச்சாடி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடாமல் வெறும் தேத்தண்ணிதான் குடித்தாள். பத்தாம் நாள் ஸ்டோரிலேயே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். தங்கச்சி கண் விழித்ததும், தனக்கு எந்த வாசமும் தெரியாது என்று அவரிடம் ஒப்புக்கொண்டாள்.

"வாசம் தெரியாதது பரம்பரையாலயும் வரும். உடம்புப் பருமனுக்கும் மூக்குக்கும் தொடர்பிருக்கெண்டும் சொல்லினம். இவவுக்கு எதாலயெண்டு எனக்குத் தெரியேல்ல. வீட்டில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாக, "எனக்கு இருக்குங்க," என்றாள். "பொறந்ததுல இருந்தே எந்த வாசமும் தெரியாதுங்க."

அம்மா ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்கச்சிக்கு இது அம்மா கொடுத்ததா, உடம்பு கொடுத்ததா? இன்றுவரை தெரியாது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா தினமும் என் உள்ளங்கையை மூக்கில் வைத்து, "இன்னைக்குத் தூளு நல்லா வந்திருக்குடி" என்பாள். என் திமிரெல்லாம் அந்தச் சொல்லில் வளர்ந்ததுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றும் பழக்கத்தில் என் கையைத் தேடினாள். நீட்டுவதா, இழுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.