பருப்பளவு பிரேக்

நேற்று மனைவி சுளகில் மைசூர்ப் பருப்பைப் புடைக்கும்போது இரண்டு தெறித்துப் பாயில் விழுந்தன. குனிந்து பொறுக்கினேன். "ரெண்டு பருப்புக்கா இந்த வயசில குனியிறீங்க?" என்று சிரித்தாள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. அல்லாஹ்வின் படைப்பில் பெரியது எது என்று கேட்டால் கடலைக் காட்டுவார்கள், வானத்தைக் காட்டுவார்கள். நான் இந்தப் பருப்பைத்தான் காட்டுவேன்.

எழுபதுகளில், கிண்ணியாவில் நடந்தது. என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர், எனக்கு மச்சான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு காலையில் தேநீர்க் கோப்பையை எடுக்கப்போன அவருடைய வலக்கை திடீரெனப் பறந்தது. கோப்பை சுவரில் போய் உடைந்தது. அன்றிலிருந்து அந்தக் கை, கல்லெறிவதுபோலத் தோளிலிருந்து வீசிக்கொண்டே இருந்தது. அவர் தூங்கினால் மட்டும் அடங்கும். "இது ஜின் பிடிச்சதுதான்" என்றார் காக்கா என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர். "ஜின் எண்டா என்னோட சேந்து குறட்டை விடுமா காக்கா?" என்றார் மச்சான். பகிடி விட்டாரே தவிர, பள்ளிவாசலுக்குத் தொழப் போவதை நிறுத்திவிட்டார். தோளோடு தோள் ஒட்டி, இடைவெளி விடாமல் நிற்கும் வரிசையில் யாருக்கு அடி விழுமோ என்ற பயம். நோன்பும் வந்து பாதி கழிந்துவிட்டது. "பெருநாள் தொழுகைக்கும் நான் வீட்டிலதானா?" என்று ஒருநாள் கேட்டார். ராத்தா குசினி அடுப்படியில் போய் அழுதாள்.

அவருக்குக் குளிசை கொடுத்துவந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒரு மாலை எங்கள் பக்கம் வந்தவர், வீட்டுக்கும் வந்தார். ராத்தாவின் சுளகிலிருந்து இரண்டு பாதிப் பருப்புகளை எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தார். இருபுறமும் புடைத்த கண்ணாடி வில்லைபோல இருந்தது.

"மூளையின்ர அடியில, நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இப்பிடி ஒவ்வொண்டு இருக்கு. குரங்குக்கு இவ்வளவு, உங்களுக்குக் கொஞ்சம் பெரிசு. குரங்கில இது பழுதுபட்டா எதிர்ப்பக்கக் கைதான் வீசும். உங்களுக்கு இடப்பக்கத்துப் பருப்பில துளி ரத்தம் கசிஞ்சிருக்கவேணும்."

"கையில பிழை இல்லையா?"

"கையில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கிரேன் ஓட்டுறனீங்கள்தானே? இதுதான் பிரேக். எஞ்சின் நல்லா ஓடுது, பிரேக்தான் பிடிக்கேல்லை. கனபேருக்கு மெல்ல மெல்லத் தானா அடங்கும்."

மச்சான் துள்ளி எழுந்தார். "அப்ப குரங்கைவிட எனக்குப் பருப்பு பெரிசு! கேட்டியாடி?" ராத்தா அழுதபடியே சிரித்தாள். நான் அதே வேகத்தில் ஓடிப்போய்க் காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பெருநாள் காலை. கை அரைவாசி அடங்கியிருந்தது, அவ்வளவுதான். மச்சானை நடுவில் விட்டு இடப்பக்கம் நான் நின்றேன். வலப்பக்கம் வெறுமையாகவே கிடந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து காக்கா வந்து, தோளை மச்சானின் தோளோடு ஒட்டி நின்றார். "அடி விழுந்தா விழட்டும், வரிசையில ஓட்டை விழப்படாது."

'அல்லாஹு அக்பர்' என்று கையை உயர்த்தும் முதல் தக்பீருக்கே காக்காவின் தொப்பி பறந்தது. அடுத்தடுத்த தக்பீர்களிலும் அடிதான். மனுஷன் ஓர் அங்குலமும் விலகவில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் தொப்பியைத் தட்டியபடி, "ஜின்னும் தொழ வந்திட்டுப்போல" என்றார்.

"ஜின் இல்ல காக்கா, பருப்பு!" என்று மச்சான் கத்த, வரிசையே சிரித்து அவரைக் கட்டிக்கொண்டது.

சில மாதங்களில் அந்தக் கை முழுதாக அடங்கியது. மச்சானும் காக்காவும் இப்போது மண்ணுக்குள்.

இரண்டு பருப்பையும் ஒட்டி மனைவியிடம் காட்டிவிட்டு, அஸர் தொழுகைக்கு நின்றேன். தக்பீர் சொல்லிக் கையை உயர்த்தி நெஞ்சில் வைத்தேன். கை, வைத்த இடத்திலேயே இருந்தது.