சிவப்பு டேக்

சாதிக் பாயின் எழுத்தைத் திருடி என் பெயரில் அச்சிட்டேன். திருட்டு வெளியே தெரியாமலிருக்க இன்னொருவர் முட்டியைக் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஓசூரில் பழைய பேப்பர் கடையில் ஒரு கராத்தே புத்தகத்தைப் புரட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் லேத் எண்ணெய் வாடை. உடனே பாய் நினைவுக்கு வந்துவிட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். நான் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பாய் லேத் ஓட்டுபவர், சண்டைக்கலைப் பைத்தியம். ஞாயிறுகளில் பஸ் பிடித்துப் போய் பெங்களூரு நடைபாதைக் கடைகளிலிருந்து புத்தகங்களை அள்ளி வருவார். படம் பார்த்துச் செய்வார். பிறகு, தேறியது, தேறாதது என்று உதிரிபாகங்களுக்கு நாங்கள் கட்டும் டேக்கையே புத்தகத்துக்கும் கட்டுவார். பச்சை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் படிக்க மட்டும். பின்பக்கம் இரண்டு வரி சிபாரிசு இருக்கும். ‘இவர் அடிப்பதைவிட மூச்சு விடுவதை நன்றாக எழுதுகிறார்’ என்று ஒன்று. அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன பாய், பொஸ்தகத்தயும் ரிஜெக்ட் பண்றீங்க?”

“எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார்.”

கம்பெனி இதழுக்குக் கட்டுரை கேட்டார்கள். இரவல் வாங்கிய புத்தகங்களின் டேக்குகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைகளை விட்டுவிட்டேன். ‘சிமெண்ட் தரையில் குதித்து உதைத்தேன், முட்டி வீங்கியது’ என்று நான் எழுதினால் என் தொப்பையை அறிந்தவர்கள் சிரிப்பார்களே!

கட்டுரை படித்த பேக்கிங் பிரிவு முருகேசன் அந்தக் குதித்து உதைக்கும் புத்தகத்தையே கேட்டார். சிவப்பு டேக்கில் பாயின் கையெழுத்து. பிய்த்துவிட்டுக் கொடுத்தேன்.

தன் மத்திகிரி வாடகை வீட்டில், படம் பார்த்துக் குதித்து உதைத்ததில் முட்டியில் மாவுக்கட்டோடு கிடந்த முருகேசன் சொன்னார்: “நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்.”

பாயிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் லேத்தை நிறுத்தினார்.

“பேர நீங்களே வெச்சிக்கோங்க சார், அது போனாப் போவுது. டேக்க எதுக்குப் பிச்சீங்க? ஒரு ரிஜெக்ட் பீஸ்ல பிச்சிருப்பீங்களா?”

நடந்ததை எழுதி, என் கையெழுத்துப் போட்டு, கேண்டீன் பலகையில் ஒட்டினேன். பாய் நின்று முழுதும் படித்தார். நான் ‘இடது முட்டி’ என்று எழுதியிருந்ததை ‘வலது’ என்று திருத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

முருகேசன் நடந்தார், சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பாய் எல்லோருக்கும் புத்தகம் கொடுத்தார். நான் கேட்டால் மட்டும், “அது வெளிய போயிருக்கு சார்.”

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி. பாய் எங்கே போனார் என்று சொல்ல மத்திகிரியில் ஆளில்லை.

கடையில் என் கையிலிருந்தது அதே புத்தகம். முதுகில் டேக் கட்டியிருந்த நூல் மட்டும் தொங்கியது. வாங்கி வந்தேன். சிவப்பு அட்டை வெட்டி, பாயின் வரிகளை நினைவிலிருந்து எழுதி, கீழே அவர் பெயரையும் போட்டு, அதே நூலில் கட்டினேன். இன்று காலை கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். “ஏன் சார், பிடிக்கலியா?” என்றார்.

“வேற யாராச்சும் படிக்கட்டும்” என்றேன்.