டீச்சர் காரின் ஆயில் லீக்

அந்தத் தெருவில் அவருக்குப் பவுடர் மெக்கானிக் என்று பெயர். கிண்டல் பாதி, மரியாதை பாதி. ஆயில் லீக் என்று எந்தக் கார் வந்தாலும் இன்ஜினைக் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்ப்பார். வெள்ளையில் எங்கே கறுப்பாக நனைந்திருக்கிறதோ அங்கேதான் லீக். சொட்டுகிற இடத்தை நம்பவே கூடாது, ஆயில் மேலே கிளம்பி வழிந்து வந்துதான் கீழே சொட்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் டீச்சரின் காருக்கு மட்டும் பவுடர் டப்பாவைத் தொடவில்லை. இன்ஜினுக்கு அடியில், ஆயில் தேங்குகிற சம்ப்பிலிருந்து சொட்டியது. சம்ப்பை மாட்டியது மனைவியின் தம்பி, எட்டு வருஷமாகக் கூடவே வேலை பார்த்தவன். அப்புறம் என்ன பவுடர் வேண்டிக்கிடக்கிறது? டீச்சர் பக்கத்தில் நிற்கும்போதே, ஒரு போல்ட் முடுக்கத் துப்பில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனவன்தான், அந்த வாரமே பஸ் டெப்போவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். என் தம்பி திரும்பி வருகிறவரைக்கும் இப்படித்தான் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இவராவது கூப்பிடுவதாவது! கௌரவம் என்ன ஆவது?

சம்ப்பை இவரே கழற்றிப் இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து மாட்டிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் கார் திரும்பி வந்தது, அதே சொட்டு. வேறு வழியில்லாமல் பவுடரைத் தூவினார். ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். சம்ப்பைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இருந்தது. மேலே, இன்ஜின் தலையை மூடுகிற மூடியின் பின்மூலையில் நனைந்து, அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு பாதி வழி இறங்கியிருந்தது.

அந்த மூடியை மாட்டியது அவர்தான். பலம் இருக்கிறதென்று முடுக்கு முடுக்கென்று முடுக்கியதில் மூடி அந்த மூலையில் வளைந்துபோயிருந்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைக்கூடக் கழுவாமல் மச்சினனுக்கு போன் போட்டார்.

“மாப்ளே, லீக்கு மேல்மூடியில. நான் மாட்டுனது.”

“தெரியும் மாமா.”

“எப்போ இருந்து?”

“நீங்க திட்டுனீங்களே, அன்னைக்கே. மூடிக்குப் பின்னாடி கையை விட்டுப் பாத்தேன், ஈரமா இருந்துச்சு.”

“அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“டீச்சர் நின்னாங்களே மாமா.”



“நாளைக்கு அவங்க வண்டி எடுக்க வருவாங்க. நீயும் வா. அவங்க முன்னாடியே சொல்றேன்.”

 டெப்போவில் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.