சீன நாடகத்துக்கு நான் சொன்ன தமிழ்

என் பேத்தியின் கைப்பேசியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் நாடகம் பத்து வினாடி பின்னால் போகும். நேற்று மாலை கூடத்தில் உட்கார்ந்து கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி மழையில் நனைந்தபடி ஏதோ சொன்னாள். கீழே எழுத்து ஓடியது. பேத்தி பின்னால் போனாள். மறுபடி மழை, மறுபடி அதே வசனம். மொத்தம் நான்கு தடவை. எண்ணாமல் எதையும் பார்க்க என்னால் முடியாது. முப்பத்தொரு வருடம் தோட்ட ஆபீசில் பேர் கூப்பிட்டவனுக்கு வருகிற வியாதி அது.

“எதுக்கும்மா அதே எடத்துக்குப் போய்ப் போய் வர்ற?” என்று கேட்டேன்.

“சப்டைட்டில் சரியில்ல தாத்தா. ‘வேணாம்’னு சொல்றாளா, ‘இப்ப வேணாம்’னு சொல்றாளான்னு தெரியல. ரெண்டும் வேற இல்ல?”

வேறுதான். அது எவ்வளவு வேறு என்று அவளுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் பின்னால் போகிற வசதி கிடையாது. வசனம் வரும், போய்விடும். அடுத்தது வருவதற்குள் நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தாக வேண்டும். தொண்ணூறுகளில், மலேசியாவில் செலண்டாரிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. வாரத்தில் ஐந்து நாள் மாலை ஆறரைக்கு டெலிவிஷனில் சீன நாடகம் போடுவார்கள். பேசுவது சீனம், கீழே ஓடுவது மலாய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் டெலிவிஷன் இல்லாத வீடு இரண்டுதான். இருந்தும் பெண்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மலாய் பேசினால் எல்லோருக்கும் புரியும். ஓடுகிற எழுத்தைப் பிடித்து வாசிக்கத்தான் ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் அந்த நேரம் பெக்டரி ஷிப்டில் இருப்பார்கள். என் மகள் மலாக்காவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மிஞ்சியவன் நான்.

பெண்கள் குளித்துவிட்டுத்தான் வருவார்கள். என்ன குளித்தாலும் கித்தாப் பாலின், அந்த ரப்பர் பாலின் வாடை கையை விட்டுப் போகாது. அதற்காகவே என் மனைவி மங்களம் சாம்பிராணி போட்டு வைப்பாள். இன்றைக்கும் எங்காவது சாம்பிராணி மணம் வந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, அந்த நாடகத்து வில்லன்தான் வருகிறான். ஒரு பாகத்துக்கு ஆறு தடவை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான். சிரிப்பதற்கு முன் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வது நன்றாகத் தெரியும். நடிக்கப்போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நடிப்பது என்ன நடிப்பு என்று எனக்குக் கோபம் வரும். பெண்களுக்கு அவனைப் பிடித்திருந்தது.

முன்னால் உட்காருகிறவர் மாரியக்கா. பால் வெட்டுகிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், வாயும் அதற்கேற்ப.

“ஏன் கிராணி, அவன் இவ்ளோ நேரம் பேசறான், நீங்க மூணு வார்த்தை சொல்றீங்க. மிச்சத்த நீங்க வச்சிக்கிட்டீங்களா?”

“எழுதியிருக்கறது அவ்ளோதான் அக்கா.”

“பால் நிறுக்கிறப்பவும் இதேதான் சொல்றீங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள், மங்களம் உள்பட. அந்தச் சிரிப்பில் இரண்டு வசனம் தப்பிப்போகும். பிறகு நான் இட்டுக்கட்டிச் சொல்வேன்.

நான் சொல்லவந்த நாடகத்தின் பெயர் எனக்கே மறந்துவிட்டது. ஒரு அக்கா, ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லை. அக்கா தெருவோரம் மீ என்கிற நூடுல்ஸ் கடை போட்டுத் தம்பியை வளர்க்கிறாள். வளர்ந்ததும் அவன் வேலை தேடி வேறு பட்டணத்துக்குக் கப்பல் ஏறிவிடுகிறான். பிறகு கடிதம் இல்லை. அக்காவாக நடித்த பெண்ணுக்கு முகத்தில் பெரிதாக எதுவும் ஓடாது. துக்கமான கட்டம் வந்தால் இடுப்பில் கட்டிய துணியை அவிழ்த்து மடிப்பாள். நான்காக மடிப்பாள், பிரிப்பாள், திரும்ப மடிப்பாள். இவளுக்கு அழவே தெரியவில்லை என்று நான் குறை சொன்னபோது மங்களம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ அழுதுக்கிட்டுதாங்க இருக்கா. ஒங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்தாத்தான் கணக்கு.”

மங்களத்துக்கு அந்தக் கதை புதிதில்லை. அவளுடைய தாயார் இறந்தபோது தம்பி கதிரேசனுக்கு நான்கு வயது. அவனை அவள்தான் வளர்த்தாள். எங்களுக்குக் கல்யாணமானபோது அவனும் கூடவே வந்தான். சீர்வரிசையில் பதினேழு உருப்படி, பதினெட்டாவது மச்சான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருபத்து நான்கு வயதில் ஜொகூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். ஒரு சீனர் காப்பிக்கடையின் மாடியில் அறை. மூன்று கடிதம் வந்தது. அதன் பிறகு பதினொரு மாதம் எதுவும் இல்லை. ஜாசின் போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தேன். பெரிய பையன்தானே, வருவான் என்றார்கள்.

நாடகத்துத் தம்பிக்கு ஒரு பழக்கம், பேச்சு வராதபோது பிடரியைச் சொறிவான். ஒரு பாகத்தில் ஏழு தடவைகூடச் சொறிந்திருக்கிறான். வேறு எதுவும் செய்யத் தெரியாத நடிகன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கதிரேசனும் அப்படித்தான் சொறிவான். அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை. மங்களமும் கவனித்திருக்கிறாள். ஒருநாள் எல்லோரும் எழுந்து போனபிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே, “இவன் வீடு வந்து சேந்துட்டான்னா நம்ம கதிரேசனும் வந்துருவான்” என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கோயிலில் வேண்டுதல் வைப்பதுபோல வைத்துவிட்டாள். மறுநாள் முதல், ஓடுகிற எழுத்தைப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தப் பாகம் ஒரு வியாழக்கிழமை வந்தது. தம்பி வேலை செய்யும் இடத்தில் மேலேயிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சேதி கேட்டு அக்கா சூப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள். கட்டில் காலியாக இருக்கிறது, வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. தாதி உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்கிறாள். கீழே ‘சுடா பெர்கி’ என்று வந்தது.

சுடா பெர்கி. போயாகிவிட்டது என்று அர்த்தம். நான் யோசிக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. “போயிட்டாராம்” என்றேன்.

இப்போது யோசித்தால் எத்தனையோ சொல் இருந்திருக்கிறது. கிளம்பிட்டார், வெளியாயிட்டார், இங்க இல்ல, காணோம். இந்த நான்கில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நான் எழுத்துக்கு எழுத்து சரியான சொல்லைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டி ‘போயிட்டார்’ என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். மாரியக்கா “அடப் பாவமே” என்று வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் அந்தப் பெண் துணியை மடித்தாள். மங்களம் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது. ராத்திரிச் சோறு அன்று மத்தியானமே வடித்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைப் பாகத்தில் விஷயம் தெரிந்தது. அவன் சாகவில்லை. முடமாகி அக்காவுக்குப் பாரமாகிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் எழுந்து போயிருக்கிறான். எனக்கு நிம்மதி தாங்கவில்லை. அடுப்படியைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

“மங்களம், அவன் சாகல. வேற ஊருக்குப் போயிட்டானாம்.”

“நேத்துக் கொன்னீங்க, இன்னிக்கு உயிர் குடுக்குறீங்க. கிராணி கையிலதான் எல்லாம்” என்றார் மாரியக்கா.

மங்களம் வெளியே வரவில்லை. “எனக்காகச் சொல்றீங்க” என்று மட்டும் உள்ளேயிருந்து சொன்னாள்.

அவள் கண்ணால் பார்த்தால் நம்புவாள். அந்த நடிகனோ அதற்குப் பிறகு திரையிலேயே வரவில்லை. சம்பளத் தகராறோ, வேறு நாடகத்துக்குப் போனானோ, பத்தொன்பது பாகம் அவனைக் காட்டவில்லை. அக்கா அவனைத் தேடுகிறாள், யாரோ அவனைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நான் அதை வாசித்துச் சொல்லச் சொல்ல, நானே கதை கட்டிவிடுகிறேன் என்று மங்களத்துக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் அந்த இரண்டு மலாய்ச் சொல்லையும் பெரிதாக எழுதி, செத்தாலும் இதுதான், ஊருக்குப் போனாலும் இதுதான் என்று விளக்கினேன். தமிழிலும் அப்படித்தானே என்றேன். அவள் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“ரெண்டுக்கும் இதுதான்னா, மொதல்ல ஏன் செத்ததச் சொன்னீங்க?”

 

கடைசிப் பாகத்தை நம்பியிருந்தேன். எப்படியும் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், மங்களத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாவது காட்டிவிடலாம் என்று. அன்று ஆறரைக்கு டெலிவிஷனைத் திறந்தால் பூப்பந்து ஆட்டம். மாரியக்கா உட்பட ஒன்பது பேர் ஒன்றேகால் மணி நேரம் இறகுப்பந்து பறப்பதைப் பார்த்தோம். கடைசிப் பாகத்தை மறுநாள் பகலில் எப்போதோ போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அப்போது நான் ஆபீசில் இருந்தேன், அவர்கள் ரப்பர்க் காட்டில் இருந்தார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்கு நல்ல மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். தம்பி கடைசியில் வீடு திரும்பினானா இல்லையா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று. நாற்பத்தேழு வயது ஆள் எழுதுகிற கடிதமா அது? பதில் வரவில்லை.

ஜொகூருக்கு எழுதியதற்குத்தான் பதில் மாதிரி ஒன்று வந்தது. கதிரேசனுக்கு நான் போட்ட கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறையின் குறுக்கே பேனாவால் யாரோ இரண்டு சொல் எழுதியிருந்தார்கள். காப்பிக்கடைக்காரராக இருக்கலாம். சந்தை மலாயில் எழுதுகிறவர் வேறு எதை எழுதுவார்? சுடா பெர்கி.

தபால்காரர் அதை மங்களத்தின் கையில்தான் கொடுத்திருந்தார். நான் ஆபீசிலிருந்து வந்தபோது உறையையும் காலண்டர் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“அதே எழுத்துதானே?”

“அதேதான்.”

“இப்ப எது? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.”

“தெரியல மங்களம்.”

அவளிடம் அதுவரை நான் தெரியாது என்று எதற்கும் சொன்னதில்லை. மறுநாள் பஸ் பிடித்து ஜொகூர் போனேன். அந்தக் காப்பிக்கடை இருந்த வரிசையையே சாலைக்காக இடித்துத் தகரம் அடைத்திருந்தார்கள். கப்பல் பட்டறையில் பெயரைச் சொன்னேன். குத்தகைக்காரர் மாறிவிட்டார், பழைய பட்டியல் இல்லை என்றார்கள். நான்கு மணி நேரம் போய், நான்கு மணி நேரம் திரும்பி வந்தேன்.

கொஞ்ச வருடத்தில் தோட்டத்தை விற்றார்கள். பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். லயத்துக்காரர்கள் பெம்பான், ஜாசின் என்று பிரிந்து போனார்கள். மாரியக்கா மகன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடத்தில் இறந்ததாகக் கேள்விப்பட்டோம். மங்களம் மட்டும் கிளம்ப மறுத்தாள். அவன் வந்தால் எங்கே வருவான், அவனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதானே என்றாள். நியாயமான கேள்வி. அதனால் எங்கள் புதிய விலாசத்தை ஐந்து இடத்தில் எழுதி வைத்தேன். ஆபீஸ் கதவில், கோயில் சுவரில், ஒட்டுக்கடைப் பலகையில், தபால்காரரின் நோட்டில், பெரிய ரோட்டில் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்து பஸ் நிறுத்தத் தூணில். தூணில் சிவப்புச் சாயத்தில் எழுதினேன். மங்களம் பக்கத்தில் நின்று எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள்.

முதலில் ஆபீஸ் போயிற்று. கோயிலைப் பெயர்த்து வேறு இடத்தில் கட்டினார்கள். ஒட்டுக்கடையை மூடினார்கள். தபால்காரர் ஓய்வு பெற்றுக் கிளந்தான் பக்கம் போய்விட்டார். மிச்சமிருந்தது தூண் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை, சாயம் மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும்படி மங்களம் என்னை அனுப்புவாள். அவளுக்கு இப்போது மூட்டு வலி, கூட வர முடியாது. போன மாதம் போனேன். ரோட்டை அகலப்படுத்தி அந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை.

வீட்டுக்கு வந்தபோது மங்களம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

“வாசிக்க முடியுதா?”

“நல்லா முடியுது” என்றேன். அவள் நம்பினாள்.