பிரியாணி வேண்டாம் என்ற வயிறு

"சார், நம்ம மங்கை டாக்டர் போயிட்டாங்க" என்று போன வாரம் தொலைபேசியில் ஸ்டெல்லா அழுதாள். நானும் அழுதேன். ஐந்து நிமிடத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மங்கையர்க்கரசியை அறிந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு சின்ன மருத்துவமனையில் அவர் அறுவை சிகிச்சை நிபுணர். நான் டூட்டி டாக்டர். வலப்பக்க அடிவயிறு வலிக்கிறது என்று யார் வந்தாலும், கை வைக்கும் முன் "பிரியாணி சாப்பிடுறீகளா?" என்பார். குடல்வால் அழற்சி என்றால் பெரும்பாலும் பசி செத்துவிடும். "கேக்கத்தான் செய்யணும், குடுத்துறாதீக" என்று எங்களை எச்சரிப்பார். ஒருமுறை, ஆசையாகத் தலையாட்டிய ஆளுக்கே குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்றிலிருந்து, "பசி சாட்சிதான் பாய், தீர்ப்பு இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். பிரியாணிக் கடைக்காரர் மகனான எனக்கு முதல் பாதி மட்டும் மனதில் தங்கியது.

தொண்ணூறுகளின் கடைசியில், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாணார்பட்டிப் பக்கமிருந்து ஸ்டெல்லாவை அவள் அப்பா தூக்கிவந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. வலப்பக்கம் வலி, வாந்தி. பிரியாணி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தீர்ந்தது கதை! தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன்.

"திங்கக்கெழம பரீட்சை சார். கத்தி வச்சா ஒரு வருசம் போயிருமே" என்று அப்பா கையைப் பிசைந்தார்.

மங்கை வந்தார். அவள் கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார்.

"இட்லியும் தேங்காச் சட்னியும்னா?"

"நாலு குடுங்க டாக்டர்."

என் பக்கம் திரும்பினார். "கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கெழமையில பிரியாணி கேட்டீகளாக்கும்? நோன்பு பிடிக்கிற ஆளு, நீங்களே இப்படிக் கேட்டா எப்படி பாய்?"

என் மானம் கப்பலேறியது. நர்சுகள் சிரித்தார்கள், அவளுடைய அப்பாவும் சிரித்துவிட்டார். மங்கை மட்டும் இட்லியோடு விடவில்லை. வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், வலி கூடவில்லை. முதுகில் விலாவுக்குக் கீழே தட்டியதும் "அய்யோ அம்மா!" என்று துள்ளினாள். சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. ஸ்கேனில், சிறுநீர்க்குழாயில் கடுகளவு கல். அப்படியும் சாயங்காலத்துக்குள் மூன்று முறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகே இட்லிக்கு அனுமதி கொடுத்தார். ஸ்டெல்லா ஆறு சாப்பிட்டாள். திங்கட்கிழமை பரீட்சையும் எழுதினாள். இன்று அவள் உயிரியல் ஆசிரியை.

போன மாதம் மங்கையைப் படுக்கையில் பார்த்தேன். "பிரியாணி சாப்பிடுறீகளா?" என்றேன்.

"கேக்கத்தான் செய்வீக. குடுக்கவா போறீக?"

பையிலிருந்து எங்கள் கடைப் பொட்டலத்தை எடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம், "இன்னைக்கு விரதம், நோன்பு ஏதும் உண்டா?" என்று கேட்கிறேன். பிரியாணி அதற்கப்புறம்தான்.