அப்பாவின் தீபாவளி வேட்டி

அந்தத் தீபாவளிக்கு வீட்டில் அம்மாவும் நானும்தான் இருந்தோம். அப்பா காய்ச்சலோடு மலாயாவின் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கோப்பெங் ஈயச் சுரங்கத்தில் வேலை போன ஒருவர், கிழிந்த துணியோடு எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து நின்றார். அப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியை அம்மா அவரிடம் நீட்டினாள்.

“புருசன் வேட்டியத் தூக்கிக் குடுக்குற மகராசி நீதான்டி!” என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்.

“அவரு வரட்டும்லா, வேற வாங்கிக்கலாம்.”

சில நாளில் அப்பாவின் உடல்தான் வந்தது. கேள்விப்பட்ட அந்த மனிதர் வேட்டியைத் துவைத்து எடுத்துவந்து, “அண்ணனுக்கே போத்துங்க தாயி” என்று அழுதார்.

“உங்களுக்குன்னு குடுத்தது. நீங்களே கட்டுங்கண்ணே” என்ற அம்மா, என்னைக் கடைக்கு அனுப்பினாள். கோடித் துணி ஒரு வெள்ளி இருபது காசு. அது அம்மாவுக்கு மூன்று நாள் பால்வெட்டுக் கூலி.