கால் வெட்டிய சுமைதாங்கி

மணிமொழிக்குக் கோபம் தலைக்கேறினால் பேச்சு வராது, வாய் அடைத்துக்கொள்ளும். அதனாலேயே ஊரில் அவளைச் சாது என்று நினைத்துவிட்டார்கள். வேலை கரண்ட்டு ரீடிங் எடுப்பது. இருபத்திரண்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியின் மேற்கு ஓரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். எந்த வீட்டு மீட்டர் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது, எந்த வீட்டு உத்தரத்தில் மயில் செதுக்கியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

கச்சிராயபாளையம் சாலை திரும்பும் முனையில் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கருங்கல் தூண், மேலே ஒரு பலகைக்கல், நெஞ்சுயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் குனியாமல், நின்றபடியே கூடையை அதில் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தூக்கிவிடச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகும் பெண்ணுக்காக அவள் வீட்டார் நடும் கல் அது. தன் பாரத்தை இறக்காமலே போனவளுக்கு, வழிப்போக்கர்கள் பாரம் இறக்க இறக்கத்தான் மனசு ஆறும் என்பார்கள். இடப்பக்கத் தூணில் ‘செங்கேணி, 1979’ என்று வெட்டியிருந்தது. செங்கேணி மணிமொழியின் அம்மா. நிறைமாதத்தில் அவள் போனபோது மணிமொழிக்கு நாலு வயது. அம்மாவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அவளுக்கு அம்மா என்றால் அந்தக் கல்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோள்பையை ஒரு நிமிஷம் அதன்மேல் வைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

பங்குனியில், புறநகரின் பழைய கட்டடங்களைப் பட்டியல் போடவென்று சென்னையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அழைத்து வந்தவர் தீனதயாளன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மலைச்சாரல் நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வழிகாட்ட மணிமொழியைக் கூப்பிட்டார். அவளும் அரைநாள் லீவு போட்டுவிட்டு மரத்தூண் வீடு, காரை மச்சு வீடு, கலர் கண்ணாடி பதித்த ஜன்னல் என்று பெருமையாகக் காட்டினாள். கடைசியாகச் சுமைதாங்கி. அம்மா கதை தொண்டைவரை வந்தது, வெளியூர்க்காரர்கள் முன்னால் சொல்லக் கூச்சம். பழைய கல் சார், எழுதிக்கொள்ளுங்கள் என்றதோடு நிறுத்திவிட்டாள். நானே காட்டிக்கொடுத்தேனே என்று பிற்பாடு தலையிலடித்துக்கொள்ளாத நாளில்லை.

வைகாசியில் அடுத்த ரீடிங்குக்கு வந்தபோது முனையில் வெறும் பள்ளம். லாரி இடித்துவிடும் என்று சங்கம் அதைப் ‘பாதுகாத்து’ப் பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டதாம். ஓடினாள். உட்காரத் தோதாகத் தூண்களைப் பாதியில் அறுத்திருந்தார்கள். பெஞ்சு! நடைப்பயிற்சி முடித்த இரண்டு பேர் அதன்மேல் காலாட்டியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாசமாய்ப் போக, கல்லைக் காப்பாற்றுகிற லட்சணமா இது? தீனதயாளனிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

“இப்ப எவம்மா தலையில சொமக்குறான்? எல்லாம் குட்டியானை வண்டியில போவுது. ஜனங்க குந்தவாவது ஆவட்டுமே.”

மணிமொழிக்குக் கோபம் தலைக்கேறியது. வாய் அடைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் அந்தக் கல்பெஞ்சுக்குத் திறப்பு விழா. பட்டியல் போட்டவர்களும் வந்திருந்தார்கள். மணிமொழி அந்தப் பக்கம் போனபோது முனைப் பள்ளத்தருகே பூமாலை நின்றுகொண்டிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் பலாப்பழத்தோடு இறங்கி, தெருத்தெருவாக விற்கிறவள். கூடை தலையில், கழுத்து விறைத்திருக்க, கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். கல் பூங்காவில் இருக்கிறது என்று மணிமொழி சொன்னதுதான் தாமதம், விறுவிறுவென்று உள்ளே போனாள். வழக்கம்போல இறக்கப் பார்த்தால் கல் முட்டிக்குக் கீழே கிடக்கிறது. குனிந்தாள். மணிமொழி ஓடிப் பிடிப்பதற்குள் கூடை சாய்ந்து, பழங்கள் கல்லில் மோதிப் பிளந்தன. பூமாலை கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தீனதயாளன் பதறி ஓடிவந்தார். நேரே கல்லிடம் போய்த் தடவிப் பார்த்தார். நல்லவேளை, கீறல் விழவில்லை என்றார்.

மணிமொழியின் வாய் அப்போதுதான் திறந்தது.

“அந்தப் பொம்பள கழுத்தப் புடிச்சிக்கினு குந்தினு இருக்குது, நீங்க கல்லத் தடவிக்கினு இருக்கீங்க. இது எங்கம்மாவுக்கு வச்ச கல்லு சார். வயித்துப் புள்ளையோட செத்தவங்க. ரோட்டுல வர்ற ஜனம் சொம எறக்கத்தான் வச்சது. நீங்க ஏறிக் குந்திக்கினு டீ குடிக்க இல்ல.”

கல்லின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். மணிமொழி பூமாலையைக் கைத்தாங்கலாக நிழலில் உட்காரவைத்துவிட்டு, அறுத்த துண்டுகள் எங்கே என்று கேட்டாள். ரோஜாப் பாத்திக்கு வரப்பாகப் போட்டிருந்தார்கள். செங்கேணியின் பெயர் சேற்றைப் பார்த்துக் கிடந்தது. முந்தானையால் துடைத்தாள். இவற்றை அடியில் வைத்து, இருந்த இடத்தில் இருந்த உயரத்துக்கே நிறுத்த வேண்டும், அடுத்த ரீடிங்குக்கு வரும்போது பார்ப்பேன் என்றாள். விருந்தாளிகள் முன்னால் தீனதயாளன் தலையாட்டினார்.

ஆடியில் வந்தாள். முனையில் சுமைதாங்கி நின்றது, இடுப்பில் சிமெண்டு ஒட்டோடு. அப்பாடா என்று பையை வைத்தவள் இடப்பக்கத் தூணைப் பார்த்தாள். அம்மா பெயருக்கு நேர்மேலே பித்தளைத் தகடு பொருத்தியிருந்தது: ‘மீட்டெடுத்துப் பாதுகாத்தவர் தீனதயாளன், செயலாளர், மலைச்சாரல் நகர்.’

பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். நாலு திருகாணி, நாலு நிமிஷம்.

அடுத்த தெருவில் அவர் வீடு. ரீடிங் எடுத்து அட்டையில் குறித்து, தகட்டை அட்டைமேல் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க சார், உங்க பேரு. எங்கம்மா மேல குந்திக்கினு இருந்திச்சி.”